“வேணும்னு செய்யல்ல சேர்”: றக்பித் தண்டனைகளின் சின்ன வரலாறு

நித்தவளை மைதானத்தில் ஆட்டம் பார்த்த எல்லாருக்கும் இந்த வசனம் தெரியும். ஒருத்தன் எதிரணிக்காரனின் கழுத்துக்கு மேலே கையைப் போட்டு விழுத்துவான். மத்தியஸ்தர் விசில் ஊதிவிட்டுச் சட்டைப்பையில் கையை வைப்பார். உடனே “வேணும்னு செய்யல்ல சேர்” என்று உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் குரல் வரும். பல நேரம் அது உண்மைதான். ஆனாலும் அட்டை வெளியே வரும். தெரியாமல் நடந்த ஒன்றுக்குச் சிவப்பு அட்டையும் கிழமைக்கணக்கில் தடையும் எப்படி நியாயமாகும்? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு. அதைத்தான் இங்கே பேசப் போகிறோம்.

மலையகத்துக்கு றக்பியைக் கொண்டு வந்தவர்கள் பிரித்தானியத் தோட்டத் துரைமார். கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் தொடங்கியது. 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல். ஈ. பிளேஸ் பாடசாலைப் பையன்களுக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கினார். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் போகம்பரையில் மோதின. இலங்கையில் இரண்டு பாடசாலைகள் ஆடிய முதல் றக்பி ஆட்டம் அதுதான். 1945இல் திரித்துவத்துக்கும் கொழும்பு றோயலுக்கும் இடையில் பிரட்பி கேடயம் ஆரம்பித்தது. கண்டியில் றக்பி வெறும் விளையாட்டு இல்லை, ஊரின் அடையாளம் என்று சொல்லுவது இதனால்தான்.

அந்தக் காலத்து றக்பி தன்னைக் கனவான்களின் ஆட்டம் என்று சொல்லிக்கொண்டது. கனவான் வேணும்னு யாரையும் காயப்படுத்த மாட்டான் என்பது நம்பிக்கை. அதனால் ஒருத்தரை வெளியே அனுப்புவது பெரிய அவமானம், ரொம்ப அபூர்வமும் கூட. சர்வதேச ஆட்டம் ஒன்றில் முதன்முதலாக வெளியேற்றப்பட்டவர் நியூசிலாந்தின் சிரில் பிரவுன்லி. 1925 ஜனவரியில், லண்டன் ட்விக்கன்ஹாமில். அடுத்த நியூசிலாந்து வீரர் வெளியேற்றப்பட 1967 வரை போக வேண்டியிருந்தது. அவர் கொலின் மீட்ஸ். இரண்டு பேர் மீதும் சொல்லப்பட்ட குற்றம் காலால் உதைத்தது. அதாவது, அடிதடிதான் குற்றம். டெக்கிள் ஆட்டத்தின் ஒரு பகுதி, அதற்கு ஏன் தண்டனை என்றுதான் யோசித்தார்கள்.

இந்த யோசனை மாறியதில் பணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1895 ஓகஸ்ட் 29ஆம் திகதி, வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில் பல கழகங்கள் கூடி றக்பி யூனியனை விட்டுப் பிரிந்தன. அங்கே ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள். ஆட்டத்துக்குப் போன நேரத்துக்குக் கூலி இல்லை. அந்த இழப்பை ஈடுகட்டப் பணம் கொடுங்கள் என்று கேட்டார்கள், யூனியன் மறுத்தது. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்ற கணக்கோடு வளர்ந்த தோட்டத்து வீடுகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அப்படிப் பிரிந்ததுதான் றக்பி லீக். யூனியன் தொழில்முறை ஆட்டமானது 100 வருஷம் கழித்து, 1995இல்தான்.

ஆட்டம் தொழிலான பிறகு தடை என்பது வெறும் அவமானம் இல்லை, வருமானத்தில் விழும் வெட்டு. ஆகவே “மத்தியஸ்தர் சொன்னார், முடிஞ்சுது” என்று விட முடியாது. இப்போது அவுஸ்திரேலியாவின் லீக் போட்டிகளில் ஒரு குழு ஒவ்வொரு ஆட்டத்தின் காணொளியையும் திரும்பப் பார்க்கிறது. ஆபத்தான டெக்கிள் இருந்தால் அதற்கு ஒரு தரம் குறித்துக் குற்றச்சாட்டு வைக்கிறது. வீரர் அதை ஒத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் விசாரணைக் குழுவின் முன்னால் வழக்கறிஞரோடு போய் வாதாடலாம். கிட்டத்தட்ட நீதிமன்றம்தான்.

அந்த நீதிமன்றத்தின் முன்னால் வந்த மிகக் கடினமான வழக்குகளில் ஒன்று 2014 மார்ச் 24ஆம் திகதி மெல்பேர்னில் நடந்த ஆட்டத்தைப் பற்றியது. நியூகாசில் அணியின் அலெக்ஸ் மெக்கினன் பந்தோடு ஓடினார். மெல்பேர்ன் வீரர்கள் மூன்று பேர் சேர்ந்து அவரைப் பிடித்தார்கள். தூக்கப்பட்ட அவர் தலை கீழாக நிலத்தில் விழுந்தார், கழுத்தெலும்பு முறிந்தது. 22 வயதில் அவருடைய விளையாட்டு வாழ்க்கை முடிந்தது. சக்கர நாற்காலி வாழ்க்கை தொடங்கியது. மூன்று பேரில் ஜோர்டன் மெக்லீன் மீது குற்றச்சாட்டு வந்தது. அவருக்கு 7 ஆட்டங்கள் தடை.

7 ஆட்டங்கள்! ஒரு பக்கம், ஒருத்தர் வாழ்நாள் முழுக்க நடக்க முடியாத நிலையில் இது என்ன கணக்கு என்று கோபம் வருகிறது. இன்னொரு பக்கம், இதே மாதிரித் தூக்கல்கள் வேறு ஆட்டங்களிலும் நடந்திருக்கின்றன, விழுந்தவர் எழும்பி ஓடியும் இருக்கிறார். அப்படியென்றால் தண்டனை செயலுக்கா, விளைவுக்கா? விளைவுக்கு என்றால் அதிர்ஷ்டம்தான் நீதிபதி. செயலுக்கு என்றால், யாருக்கும் காயமே இல்லாத நாளிலும் அதே தண்டனை விழ வேண்டும். எங்களுக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. ஏன்னா, கழுத்து முறிந்த பிறகு கொடுக்கிற தடை அந்தக் கழுத்தைக் காப்பாற்றப் போவதில்லை.

யூனியனும் மெதுவாக இந்தப் பக்கம்தான் வந்தது. 2005 ஜூனில் கிறைஸ்ட்சர்ச்சில் பிரையன் ஓட்ரிஸ்கொல்லை இரண்டு நியூசிலாந்து வீரர்கள் தூக்கிப் போட்டார்கள். அவருடைய தோள் மூட்டு விலகியது. யாருக்கும் தடை விழவில்லை. 2009இல் சர்வதேச றக்பி சபை மத்தியஸ்தர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பியது: தூக்கி, பாதுகாப்பாக இறக்காமல் விட்டால் சிவப்பு அட்டையிலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள், எண்ணத்தைப் பார்க்காதீர்கள். 2011 உலகக் கிண்ண அரையிறுதியில் வேல்ஸ் தலைவர் சாம் வோபர்டன் பிரான்ஸ் வீரரைத் தூக்கி விட்டபோது நேராகச் சிவப்பு அட்டை வந்தது. வேல்ஸ் 9–8 என்று தோற்றது, அவருக்கு 3 கிழமை தடை. கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்பதற்காக அல்ல, ஒருத்தரைத் தூக்கினால் பத்திரமாக இறக்குவது உன் பொறுப்பு என்பதற்காக.

2017க்குப் பிறகு கவனம் தலைக்கு மாறியது. இப்போது மத்தியஸ்தர் வரிசையாக நாலு விஷயம் பார்க்கிறார். தலையில் பட்டதா? அது விதிமீறலா? ஆபத்து எவ்வளவு? தண்டனையைக் குறைக்க ஏதாவது காரணம் இருக்கா, உதாரணமாகப் பந்து வைத்திருந்தவர் திடீரென்று குனிந்தாரா? ஆபத்தான டெக்கிளுக்கான தடை 2, 6, 10 கிழமை என்று மூன்று படிகளில் தொடங்கும். தலையில் பட்டிருந்தால் குறைந்தது நடுப்படி. குற்றத்தை ஒத்துக்கொண்டு, முன்பு தண்டனை வாங்காதவராகவும் இருந்தால் பாதி வரை குறையலாம். இந்த நாலில் “வேணும்னு செய்தானா?” என்பது தனிக் கேள்வியாக இல்லை.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் தடுமாற்றம் வரும். 2023 ஓகஸ்ட் 12ஆம் திகதி வேல்ஸுக்கு எதிராக இங்கிலாந்தின் ஓவன் ஃபெரல் செய்த டெக்கிள் எதிரணிக்காரரின் தலையில் பட்டு, அட்டை மஞ்சளிலிருந்து சிவப்பானது. மூன்று நாளில் விசாரணைக் குழு அந்தச் சிவப்பை ரத்துச் செய்தது. உலக றக்பி அமைப்பு மேன்முறையீடு செய்தது. அவர் கையைச் சுற்றிப் பிடிக்க முயன்றாரா என்பதை முதல் குழு கவனிக்கவில்லை என்று மேன்முறையீட்டுக் குழு கண்டது, வழக்கைப் புதிதாக விசாரித்து 4 ஆட்டங்கள் தடை விதித்தது. இதில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது தடையின் நீளம் இல்லை. முதல் தீர்ப்பு காரணங்களோடு எழுத்தில் இருந்தது. அதனால்தான் அதில் எது விடுபட்டது என்று ஒருத்தர் விரல் வைத்துக் காட்ட முடிந்தது.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். நித்தவளையிலும் பல்லேகலையிலும் ஆடுகிற பையன்களுக்கும் உலக றக்பியின் விதிப்புத்தகம்தான். ஆனால் பெரும்பாலான பாடசாலை ஆட்டங்களில் பார்க்கிறது மத்தியஸ்தரின் கண்ணும் இரண்டு கோட்டு மத்தியஸ்தர்களின் கண்ணும்தான். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கக் கமெரா கிடையாது. கூட்டத்தில் பழைய மாணவர்கள், பெற்றோர், பாண்ட் வாத்தியம். இந்தச் சத்தத்துக்குள் விழுகிற சிவப்பு அட்டை “மத்தியஸ்தர் அந்தப் பக்கம்” என்ற கதையாக மாற ஒரு பஸ் பயணம் போதும். அடிபட்டவன் எழும்பி நின்றால் விஷயம் அதோடு மறந்தும் போகும்.

அதனால் நாங்கள் கேட்பது ஒன்றுதான். பாடசாலை ஆட்டத்தில் தடை விதிக்கிறவர்கள் அதன் காரணத்தை நாலு வரியில் எழுதட்டும். தலை எங்கே இருந்தது, கை எங்கே பட்டது, ஏன் இத்தனை கிழமை என்று. மாணவர்களின் பெயர் போடத் தேவையில்லை. சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அதை மற்றப் பாடசாலைகளுக்கும் அனுப்பட்டும். பயிற்சியாளர் அடுத்த நாள் அதை வாசித்துக் காட்டி, இடுப்புக்குக் குனிந்து பிடிக்கப் பழக்கலாம். டெக்கிளில் தலையில் அடிபடுகிறவர்களில் பெரும்பாலானோர் பந்தோடு ஓடுகிறவர்கள் அல்ல, நிமிர்ந்து நின்று பிடிக்கப் போகிறவர்கள்தான் என்று உலக றக்பியின் ஆய்வுகளே சொல்கின்றன. “வேணும்னு செய்யல்ல சேர்” என்று கத்துகிறவனின் தலையும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.