பீங்கான்

பாரசீகத்தில் 'பிங்கான்' என்றால் கிண்ணம். அரபியில் பகர ஒலி இல்லாததால் அங்கே அது 'ஃபிஞ்ஜான்' என ஃபகரம் ஏறி ஒலித்தது. மலாயில் 'பிங்கான்' சோற்றுத் தட்டு. இலங்கைத் தமிழர் வீடுகளிலும் பீங்கான் என்றால் உண்ணும் தட்டுதான். நம் ஊரில் கலத்தின் பெயர், அது செய்யப்பட்ட பொருளுக்கே ஆகிவிட்டது. கடலோடி வந்த சொல் இது.

வேலூரில் காட்பாடியை அடுத்த கரிகிரியின் பூச்சாடிகளையும் பலர் பீங்கான் என்றே சொல்கிறார்கள். உண்மையில் அவை வண்ண மெருகிட்ட மண்பாண்டங்கள். மெருகு என்பது கண்ணாடிப் பூச்சு. நிறம் தருவது உலோக ஆக்சைடு. கோபால்ட் நீலம், இரும்பு பழுப்பு. செம்பு காற்றோட்டமுள்ள சூளையில் பச்சையாகும். காற்றைக் குறைத்தால் அதே செம்பு சிவக்கும்! சூளைக்குப் போகும்போது சாம்பல் பூத்துக் கிடக்கும் சாடி, வெளியே வரும்போது பளபளக்கும். குரோமியமும் பச்சை தரும். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொட்டிகளில் பதனிடுவதும் குரோமிய உப்புதான். தோலுக்குக் கிடைத்த பேரில் பாதியாவது கரிகிரிக் கைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

பேச்சில் 'பிங்கான்' என்று குறுக்கிச் சொல்வோரைத் திருத்த வேண்டாம்; மூலச் சொல்லுக்கு அவர்களே நெருக்கம்.