மும்முறை தட்டப்பட்ட கதவு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று தோல் பதனிடும் தொழிலால் பேர்பெற்ற நம் பாலாற்றுப் பகுதி ஊர்களில் நெடுங்காலம் பழகியவர்கள், மனிதன் தன் சித்தத்துக்கு மேற்பட்ட ஒரு சித்தத்தை வினவும் முறைகள் மூன்றினை ஓரூரிலேயே கண்டிருப்பர். சம்பந்தம் பேசுமுன் அம்மன் சந்நிதியில் பூப்போட்டுப் பார்த்து உத்தரவு கேட்கும் குடும்பம் ஒருபுறமிருக்க, மகளை மணமுடித்துக் கொடுக்கவோ புதிய வியாபாரம் தொடங்கவோ எண்ணிய முஸ்லிம் பெரியவர் இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுது, இக்காரியம் நன்மையாயின் எளிதாக்கும்படியும் தீமையாயின் தம்மைவிட்டு அகற்றும்படியும் இறைஞ்சுவார். கிறிஸ்தவர் இல்லத்திலோ, தேவசித்தம் இன்னதென்று விளங்குமட்டும் பொறுத்திருப்போம் என்று முழங்காலிட்டிருப்பார்கள். இஸ்திகாரா வேண்டுதலின் இறுதியில், நன்மை எங்கிருப்பினும் அதனை எனக்கு விதித்து, அதிலேயே என்னைத் திருப்தியுறச் செய்வாயாக என்னும் கருத்தொன்று வருகிறது. மூன்று மார்க்கத்தாருக்கும் கடினமான இடம் அதுவே என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் நம்மிற் பலர் தீர்மானத்தை வீட்டிலேயே செய்து முடித்துவிட்டு, சம்மதம் பெறுவதற்காக மட்டும் சந்நிதிக்குச் செல்கிறோம்.

இராணிப்பேட்டையில் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் பிறந்த ஐடா சோபியா ஸ்கடர் அம்மையாரும் அவ்வாறே தீர்மானத்தை முன்னரே செய்து முடித்திருந்தவர்தாம். பாட்டனார் இலங்கையிலும் சென்னையிலும் ஊழியஞ்செய்த வைத்தியர்; தந்தையாரும் வைத்தியர்; எனினும் சிறுபிராயத்திலேயே தாது வருஷப் பஞ்சத்தின் கோரத்தைக் கண்ணாரக் கண்டுவிட்ட அப்பெண், இந்தியாவில் மிஷனரியாக வாழ்வதில்லை என்று உறுதிகொண்டு அமெரிக்காவில் கல்வி பயின்று, தாயார் நோயுற்றதனால் மட்டுமே 1890-இல் திண்டிவனத்துக்குத் திரும்பி வந்தார். அங்கே ஓரிரவு, ஒரு பிராமணரும், ஒரு முகம்மதியரும், மற்றுமோர் உயர்குல இந்துவும் ஒருவர்பின் ஒருவராகக் கதவைத் தட்டி, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியைக் காப்பாற்ற வருமாறு அவரை அழைத்தனர். தமக்கு வைத்தியம் தெரியாது, தந்தையார் வருவார் என்று அவர் சொல்ல, அந்நிய ஆடவர் எம் பெண்டிரைத் தொடலாகாது என்று மூவரும் திரும்பிப் போயினர். உறக்கமின்றிக் கழிந்த அவ்விரவு விடிந்தபோது சாவுப்பறை கேட்டது; மூன்று பெண்களும் மாண்டிருந்தனர்.

தேவசித்தம் அவருக்கு எதன் வழியாக வந்தது என்பதை நாம் நிதானித்து நோக்க வேண்டும். நம் சபைகளில் வருஷப் பிறப்பன்று வாக்குத்தத்த அட்டை எடுத்து ஆறுதல் பெறும் நல்வழக்கம் உண்டு. அதனை நான் குறைத்துப் பேசேன். ஆயினும் ஐடா அம்மையாருக்குச் செய்தி கொணர்ந்தவர்கள் அவர் மார்க்கத்தைச் சாராத மூன்று கணவன்மார். தாம் தூது சுமந்து வந்ததை அவர்களே அறியார். கண்ணில் படும் குறையெல்லாம் அழைப்பாகிவிடுமோ எனின், ஆகாது. பசியும் பிணியும் எல்லோர் கண்ணிலும் படுவனவே. அவ்விரவின் தேவையோ, பெண்ணாகவும் வைத்தியராகவும் இருக்கும் ஒருவரையன்றி வேறெவராலும் தீர்க்கவொண்ணாததாக, ஆளைக் குறித்தே வந்து நின்றது.

வேதாகமத்தில், சீலோவிலே பாலன் சாமுவேல் மும்முறை அழைப்பைக் கேட்டும், அது எவருடைய குரல் என்று அறியாமல் ஆசாரியனாகிய ஏலியினிடமே ஓடினான். கண் மங்கிய அக்கிழவரே, அழைப்பவர் ஆண்டவர் என்று உணர்த்தினார். தனக்குள் கேட்பதைத் தானே தீர்ப்பிடாமல் மூத்தோர் முன் வைப்பது பக்தி வாழ்வின் பழைய ஒழுங்கு. ஐடா அம்மையாரும் பிரார்த்தித்து எழுந்தபின் தாய்தந்தையரிடம் சென்று, வைத்தியம் பயில அமெரிக்கா செல்வேன் என்று தெரிவித்தார். ஓரிரவின் துயரத்தில் பிறந்த நெகிழ்ச்சி மட்டுமேயாயின் பல்லாண்டுப் படிப்பின் பாரத்தில் அது கரைந்து போயிருக்கும். அது கரையவில்லை, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில், பெண்களை ஏற்றுக்கொண்ட முதல் வகுப்பினருள் ஒருவராக அவர் தேர்ச்சி பெற்றார். மனைவியை இழந்த ஷெல் என்னும் நியூயார்க் வங்கியாளர் வேலூரில் பெண்கள் மருத்துவமனை கட்ட 10,000 டாலர் அளித்தார்.

கத்தோலிக்கர் தெளிந்து தேர்தல் என்று வழங்கும், தேவசித்தம் அறியும் இவ்வித்தையின் பேராசான் புனித இஞ்ஞாசியார், மனம் வறண்டு இருள் சூழ்ந்த நாளில், ஒளியிருந்த நாளில் செய்த தீர்மானத்தை மாற்றலாகாது என்று விதித்தார். அவ்விதியின் கனத்தை 1900-ஆம் ஆண்டின் வேலூரில் காணலாம். தந்தையாரின் கீழ் தொழில் பழகலாம் என்ற நம்பிக்கையோடு கப்பலிறங்கி வந்த அம்மையாருக்கு, சில மாதங்களுக்குள் அந்தத் தந்தையே இல்லாமற் போனார். மருத்துவமனைக் கட்டடம் எழும்பவில்லை. பெண் வைத்தியரை நம்பி வர ஊர்ப் பெண்களுக்குத் துணிவில்லை. யோசனை கேட்கவும் எவருமில்லை. திண்டிவனத்தில் மூன்று முறை தட்டப்பட்ட கதவு போலன்றி, வேலூர்க் கதவை அந்நாட்களில் தட்டுவார் அரிது. வீட்டில் ஓரறையை மருந்தகமாக்கி, ஒற்றைக் கட்டிலை விரித்துப்போட்டு, கதவைத் திறந்துவைத்து அவர் காத்திருந்தார்.