‘யார் பண்ணது?’: ரட்டட்டூயி, எஸ்கோஃபியே, ஒரு சமையலறைக் கலாட்டா

இன்னைக்கு எபிசோட் ஒரு அனிமேஷன் படத்துல ஆரம்பிச்சு, 1898ல லண்டன் ஹோட்டல் ஒண்ணுல போலீஸ் வந்த ஒரு நாள்ல போய் முடியும். நடுவுல என்னோட தப்பு ஒண்ணும் வரும். அதை முதல்லயே சொல்லிடறேன்.

போன வருஷம் ஒரு ராத்திரி எங்க சர்வர் படுத்துடுச்சு. காலில் பதினைந்து பேர். நான்தான் அந்த டீமுக்கு லீட். நான் கேட்ட முதல் கேள்வி, “யார் பண்ணது?” சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பையன், “நான்தாண்ணா” என்றான். அத்தனை பேர் முன்னாடி நான் பேசிய பேச்சை இங்கே சொல்ல மாட்டேன். அதுக்கப்புறம் எந்த மீட்டிங்கிலும் அவன் வாயே திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் பேப்பர் போட்டுவிட்டான்.

அந்த வாரக் கடைசியில் அக்கா பொண்ணுக்காக ‘ரட்டட்டூயி’ போட்டேன். 2007ல் வந்த பிக்சார் படம், பிராட் பேர்ட் இயக்கியது. எலி சமைக்கிற கதைன்னுதான் எல்லாரும் ஞாபகம் வெச்சிருப்போம். அன்னைக்கு எனக்கு அது ஒரு சமையலறையில் ஆட்களை எப்படி நடத்துவது என்கிற படமாகத் தெரிந்தது.

ஒரே கிச்சன், இரண்டு மேஸ்திரிகள்

பாரிஸில் ஒரு பெரிய உணவகம். அதை உருவாக்கிய குஸ்தோ இறந்துவிட்டார். இப்போது தலைமை ஸ்கின்னர் கையில். எப்பவும் சந்தேகம், எப்பவும் கத்தல். செத்துப்போன முதலாளியின் முகத்தை உறைந்த உணவுப் பாக்கெட்டில் ஒட்டி விற்கப் பார்க்கிறான். குஸ்தோவின் மகன் லிங்குவினிதான் வாரிசு என்று தெரிந்ததும் அந்த உயிலையும் மறைக்கிறான்.

அதே கிச்சனில் கோலெத் இருக்கிறாள். குப்பை அள்ள வந்த லிங்குவினிக்கு வேலை கற்றுக்கொடுப்பது அவள்தான். அவளும் ஒண்ணும் இனிக்க இனிக்கப் பேசுகிறவள் இல்லை. ஆனால் அவள் சொல்வது எல்லாமே செய்யக்கூடிய காரியம். உன் மேடையைச் சுத்தமாக வை, முழங்கையை உடம்போடு ஒட்டி வை, ரொட்டி நல்லதா என்று அதன் சத்தத்தைக் கேட்டுச் சொல். அப்புறம் கூட வேலை செய்கிற ஒவ்வொருவரையும் காட்டி, இவன் சர்க்கஸில் இருந்தவன், இவன் சூதாடியவன் என்று கதை சொல்கிறாள். ஆளைத் தெரிந்து வைத்திருக்கிறாள். ஸ்கின்னர் அந்தக் கிச்சனில் அப்படி யாரையும் பற்றிப் பேசி நாம் பார்ப்பதே இல்லை.

கோலெத் கற்றுக்கொடுக்கிற அந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது? தேடிப்போனால் ஒரு நிஜ மனிதர் நிற்கிறார்.

பதிமூன்று வயதில் அடுப்படிக்கு வந்தவர்

ஓகூஸ்த் எஸ்கோஃபியே. பிறந்தது 1846ல், தெற்கு பிரான்ஸில். பதிமூன்று வயதில் நீஸ் நகரத்தில் சித்தப்பாவின் உணவகத்தில் வேலைக்குச் சேர்க்கப்பட்டார். அன்றைய கிச்சன் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நிலக்கரி அடுப்பு, புகை, வெக்கை. அதைத் தாங்க ஆட்கள் வேலை நேரத்திலேயே குடிப்பார்கள். கெட்ட வார்த்தையும் அடியும் அங்கே சாதாரணம். அடி வாங்கிக் கற்றவன், நாளைக்குத் தனக்குக் கீழே வருகிறவனை அடிப்பான். 1870ல் பிரஷ்யாவோடு நடந்த போரில் எஸ்கோஃபியே ராணுவச் சமையல்காரராகப் போனார். படைகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு இடமும் ஒரு பொறுப்பும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள்.

1890ல் அவரும் சேசர் ரிட்ஸும் லண்டன் சவோய் ஹோட்டலுக்கு வந்தார்கள். அங்கே அவர் நிறுவிய முறைக்கு ‘பிரிகேட்’ என்று பெயர். சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், வறுத்த இறைச்சிக்கு ஒருவர், காய்கறிக்கும் முட்டைக்கும் ஒருவர், இனிப்புக்கு ஒருவர். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைவர், எல்லாருக்கும் மேலே ஷெஃப். நம்ம ஊர் ஹோட்டல்ல டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், சரக்கு மாஸ்டர்னு பிரிச்சிருக்கோம் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான். என்ன, அங்கே அது பெரிய அளவில், எழுதி வைத்த ஒழுங்கோடு நடந்தது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணம் ‘மேயர்பீர் முட்டை’. ஒரே ஆள் முழுசாகச் செய்தால் சுமார் 15 நிமிடம். பிரிகேடில் முட்டையை ஒருவர் செய்வார், ஆட்டுச் சிறுநீரகத்தை இன்னொருவர் வாட்டுவார், சாஸ் மூன்றாமவரிடம். சில நிமிடங்களில் தட்டு வெளியே போய்விடும். எல்லா உணவையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிய காலம் மாறி, ஒவ்வொன்றாகச் சூடாகப் பரிமாறும் பழக்கம் பரவிய காலம் அது. நேரம் தவறினால் எல்லாமே ஆறிப்போகும்.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேகம் இல்லை. யார் பொறுப்பு என்பது முன்னாடியே முடிவாகிவிட்டால், தப்பு நடந்த பிறகு “யார் பண்ணது?” என்று கத்த வேண்டிய தேவையே இல்லை. சாஸ் கெட்டால் சாஸ் மேடைக்குப் போய் என்ன ஆச்சு என்று பார்க்கலாம்.

கத்தலையும் அவர் தடை செய்தார். கிச்சனில் கெட்ட வார்த்தை கூடாது, குடி கூடாது. குடிக்கு மாற்றாக, மருத்துவர் ஒருவரிடம் கேட்டு பார்லித் தண்ணீர் தயார் செய்து வைத்தார். தாகம் நிஜம் என்பது அவருக்குத் தெரியும். அதனால் தடை போட்டதோடு நிற்கவில்லை, மாற்றும் கொடுத்தார். தனக்கே கோபம் வந்தால், அது தணியும்வரை கிச்சனை விட்டு வெளியே போய்விடுவாராம்.

ஒன்றையும் சொல்லியாகணும். அது ஆண்களின் கிச்சன். இந்த உலகத்தின் விதிகள் பெண்களை உள்ளே விடாமல் இருக்க எழுதப்பட்டவை என்று கோலெத் படத்தில் சீறுகிறாளே, அந்தக் கோபத்துக்குப் பின்னால் நிஜ வரலாறு இருக்கிறது.

போலீஸ் வந்த நாள்

இதுவரைக்கும் எஸ்கோஃபியே ஹீரோ. இனிமேதான் சிக்கல்.

1898 மார்ச்சில் சவோய் நிர்வாகம் ரிட்ஸையும் எஸ்கோஃபியேயையும் வேலையை விட்டு நீக்கியது. சமையல்காரர்கள் கொதித்துவிட்டார்கள். சிலர் கையில் நீளமான கத்தியோடு எதிர்த்து நின்றார்கள் என்று அன்றைய பத்திரிகை எழுதியது. கடைசியில் போலீஸ் வந்துதான் அவர்களை வெளியேற்றியது. ஒரு மேலதிகாரிக்காகத் தொழிலாளிகள் கத்தி தூக்குறாங்கன்னா, அவர் அவங்களை எப்படி நடத்தியிருப்பார்!

ஆனால் 1900 ஜனவரியில் எஸ்கோஃபியே ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். சரக்கு கொடுக்கும் வியாபாரிகளிடம் கமிஷன் வாங்கியதாக. அவர் திருப்பித் தரவேண்டியது 8,000 பவுண்டுக்கு மேல். கொடுக்க முடிந்தது 500. அந்தக் காகிதங்கள் வெளியே வர 1980கள் வரை ஆனது. அதற்குள் அவர் கார்ல்டன் ஹோட்டலில் புகழின் உச்சிக்குப் போய், 1903ல் தன் பெரிய சமையல் நூலை வெளியிட்டு, 1935ல் இறந்தும் போயிருந்தார்.

ஒவ்வொரு மேடையையும் யாரோ ஒருவர் கவனிக்கும் அமைப்பைக் கட்டியவர் அவர். அந்த அமைப்பில் அவரைக் கவனிக்க மட்டும் ஆள் இல்லை.

ஏன் விட்டுப் போனார்கள்?

இப்ப படத்துக்குத் திரும்புவோம். பெரிய விமர்சகர் சாப்பிட வந்திருக்கும் ராத்திரி. லிங்குவினி உண்மையைச் சொல்கிறான்: சமைத்தது நான் இல்லை, இந்த எலி. மொத்தக் கிச்சனும் ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் போகிறது. திரும்பி வருவது கோலெத் ஒருத்திதான்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு இது அநியாயமாகத் தெரிந்தது. உண்மை சொன்னவனை விட்டுப் போகிறார்கள். பொய்யை மறைத்த எஸ்கோஃபியேக்காகக் கத்தி தூக்குகிறார்கள். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. லிங்குவினி அதுவரை பாராட்டை எல்லாம் தானே வாங்கிக்கொண்டவன். அவர்களோடு சேர்ந்து நின்ற நாட்கள் குறைவு. எஸ்கோஃபியே தினமும் அவர்களை மனிதர்களாக நடத்தினார். ஆட்களின் விசுவாசம் தினசரி நடத்தையைப் பார்த்து வருவது. அதை வைத்து அவர் நேர்மையானவர் என்று முடிவு கட்ட முடியாது. அதனால்தான் மேற்பார்வையாளருக்கு ரெண்டுமே வேணும்: கீழே இருப்பவரிடம் மரியாதை, தன் கணக்கைக் கேட்க மேலே ஒரு ஆள்.

என்கிட்ட அந்த ராத்திரி ரெண்டுமே இல்லை. கத்தினேன். நான் கத்தியதை யாரும் கேட்கவும் இல்லை, ஏன்னா லீட் நான்தான். அதைவிட, ஒரு புதுப் பையன் தனியாக, இன்னொருவர் பார்க்காமல், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் மாற்றம் செய்ய முடியும் என்று வைத்திருந்ததே என் அமைப்பு. சாஸ் மேடைக்குத் தலைவரே போடாமல், சாஸ் கெட்டதுக்குப் பையனைத் திட்டியிருக்கேன்.

இப்ப எங்க டீமில் இன்னொருவர் பார்க்காமல் எதுவும் சர்வருக்குப் போகாது, நான் எழுதியதும் உட்பட. காலில் முதல் கேள்வி, “என்ன ஆச்சு?” அந்தப் பையனுக்குப் போன் பண்ணி மன்னிப்பும் கேட்டேன். “பரவாயில்லண்ணா” என்றான். கொஞ்ச நேரம் ரெண்டு பேருமே பேசவில்லை. அப்புறம், “ஆனா அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலண்ணா” என்றான்.

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.