நாவலரின் அச்சும் நம் வீட்டுச் செல்போனும்



செல்போனிலேயே எல்லாப் பாடமும் இருக்கிறது, இனி வாத்தியார் எதற்கு என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். செல்போனால்தான் படிப்பே கெட்டது என்கிறார்கள் வேறு சிலர். இது நேற்று வந்த வாதமல்ல. 160 ஆண்டுகளுக்கு முன் நம் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் தொடங்கிய ஆறுமுக நாவலர் காலத்திலும் புதுக் கருவி ஒன்று வந்திருந்தது. அதற்குப் பெயர் அச்சு.

அதற்கு முந்தைய நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகுதான் ஓலைக்கும் எழுத்தாணிக்கும் வருவார்கள். ஓலை படிப்பது லேசான வேலையல்ல. புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. 'பல' என்று எழுதியிருந்தால் அது பலவா, பல்லா? பக்கத்தில் உட்கார்ந்து வாத்தியார் சொன்னால்தான் தெரியும். ஓலை கையில் இருந்தும் ஆள் இல்லாமல் படிப்பு நகராது.

இந்தியர்கள் அச்சுக்கூடம் வைக்க இருந்த கட்டுப்பாடு 1835-ல் நீங்கியது. யாழ்ப்பாணம் நல்லூரில் 1822-ல் பிறந்த நாவலர், மிஷன் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கும் துணை நின்றார். வகுப்பு பிரிப்பதையும், அச்சுப் புத்தகம் வைத்துப் பாடம் நடத்துவதையும் அங்கே கண்டவர், 1848-ல் வண்ணார்பண்ணையில் சொந்தமாகச் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளி வந்துவிட்டது, பாடப்புத்தகம் இல்லை. அதனால் 1849-ல் அச்சு இயந்திரம் வாங்கக் கடல் கடந்து சென்னைக்கு வந்தார். அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' பட்டம் கொடுத்தது.

அவர் போட்ட பாலபாடங்கள் எழுத்திலிருந்து தொடங்கிச் சிறு வாக்கியம், பிறகு கட்டுரை என்று படிப்படியாக ஏறும். செய்யுளாக இருந்த பெரியபுராணத்தை 1852-ல் வசனமாக்கி அச்சிட்டார். காற்புள்ளி, முற்றுப்புள்ளி போட்டு, சந்தி பிரித்து, படிப்பவன் மூச்சு வாங்க இடம் விட்டார். ஓலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாத்தியார் செய்த வேலையில் பாதியைப் பக்கத்திலேயே அச்சடித்து வைத்துவிட்டார் என்று சொல்லலாம்.

அப்படியானால் வாத்தியாருக்கு என்ன வேலை? நாவலர் செய்ததைப் பாருங்கள். இத்தனை புத்தகம் போட்ட பிறகு, 1864-ல் சிதம்பரத்துக்கு வந்து இன்னொரு பள்ளிக்கூடம் தொடங்கினார்! புத்தகம் தானே சொல்லிக்கொடுக்கும் என்று நினைத்திருந்தால் யாழ்ப்பாணத்திலிருந்தே பார்சல் அனுப்பியிருக்கலாமே. நன்கொடை திரட்டி, ஆசிரியர்களை அமர்த்தி, எதற்கு இந்தப் பாடு?

பிழை பார்ப்பதில் அவர் காட்டிய கண்டிப்பு இன்றும் பேசப்படுகிறது. காரணம் எனக்குப் புரிகிறது. ஓலையில் ஒருவர் தப்பாக எழுதினால் அது அந்த ஏட்டோடு போயிற்று. அச்சில் தப்பு நேர்ந்தால் அத்தனை பிரதியிலும் அதே தப்பு. வங்கியில் பேரேடு போய்க் கம்ப்யூட்டர் வந்தபோதும் இதே கதைதான். கூட்டல் தானாக வரும், ஆனால் பற்று எது, வரவு எது என்று தெரிந்த ஆள் உட்கார வேண்டும். இன்று வாட்ஸ்அப்பில் வரும் 'வரலாற்றை' நம் வீட்டுப் பிள்ளை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போகிறதே, அதை யார் பிழை பார்க்கிறோம்?

கருவி கைவிட்ட நாளையும் கடலூர் பார்த்திருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்தது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புத்தகத்தைத்தான் புரட்டினார்கள்.

கொரோனா ஊரடங்கில் நிலைமை தலைகீழ். கரண்ட் இருந்தது, 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் இருந்தது, பள்ளிக்கூடம் மட்டும் பூட்டிக் கிடந்தது. ஸ்மார்ட்போன் இருந்த வீட்டுப் பிள்ளை ஏதோ படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை எழுத்துக்கூட்டவே மறந்தது. இதைச் சரிசெய்ய அரசு 2021 அக்டோபரில் பக்கத்து விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. புதிதாக எந்தக் கருவியும் கொடுத்துவிடவில்லை. அந்தந்தத் தெருவில் படித்த தன்னார்வலர் ஒருவர், சுற்றி இருபது பிள்ளைகள், மாலையில் ஒன்றரை மணி நேரம். கிட்டத்தட்ட திண்ணைப் பள்ளிக்கூடம்தான்.

நம் குடியிருப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கணக்குத் தெரிந்த என்னைப் போன்றவர்களும் இருக்கிறோம். வீட்டு வேலைக்கு வருபவர்களின் பிள்ளைகள் மாலையில் வாசல்படியில் அம்மாவின் செல்போனை வைத்துக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சங்க அறை 5 மணியிலிருந்து 7 மணி வரை பூட்டித்தான் கிடக்கிறது. அடுத்த கூட்டத்தில் சாவியைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.