தமிழ்த் தட்டச்சில் குறுக்குவிசைகள்

குறுக்குவிசை என்பது, சுட்டியைத் தொடாமலே உரைத்திருத்திக்குக் கட்டளையிட உதவும் விசை அல்லது விசைக்கூட்டு. பெரும்பாலான திருத்திகளில் பயனர் இதைத் தம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். தமிழில் தட்டச்சு செய்யும்போது எழுத்துக்கும் கட்டளைக்கும் ஒரே விசைகள் பயன்படுவதால், இம்மாற்றம் பல வேளைகளில் தேவையாகிவிடுகிறது.

மலேசியச் சூழல்

மலாக்கா மாநிலத்தின் மெர்லிமாவ், டுரியான் துங்கால் போன்ற ஊர்த் தமிழ்ப்பள்ளிகளில் தமிழ்ப் பாடக்குறிப்பும் மலாய் மொழி அலுவல் கடிதமும் ஒரே கணினியில் தயாராகின்றன. ஆகவே அங்கு அடிக்கடி தேவைப்படுவது மொழி மாற்றும் விசைதான். விண்டோஸில் இது விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். மேக்கில் கண்ட்ரோலும் ஸ்பேஸும். தமிழுக்கு மாறியதும் எந்த விசை எந்த எழுத்தைத் தரும் என்பதை விசைமுகம் தீர்மானிக்கிறது. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளின் 'அஞ்சல்' விசைமுகம் உரோமன் எழுத்தொலிப்பைப் பின்பற்றுகிறது. 'தமிழ்99' விசைமுகம் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்டது. மேக் கணினிகளில் இரண்டும் உள்ளமைந்தே வருகின்றன.

விசை மோதல்

விம் திருத்தியின் கட்டளை நிலையில் எச், ஜே, கே, எல் விசைகள் சுட்டுக்குறியை இடம், கீழ், மேல், வலம் என நகர்த்துகின்றன. தமிழ்99 இயங்கும்போது இவை க, ப, ம, த ஆகிவிடுவதால் சுட்டுக்குறி நகராது. விம்மின் 'லாங்மேப்' அமைப்பில் க-வை எச்சுடன் இணைக்கலாம். ஆனால் ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் தமிழ்99 தானே புள்ளியிடுவதால் கட்டளை குழம்பும். விம்மின் சொந்த 'கீமேப்' வசதி எழுதும் நிலையில் மட்டுமே தமிழுக்கு மாறுவதால் இச்சிக்கல் எழாது. அதனுடன் வரும் தமிழ்க் கோப்பு பழைய டிஸ்கி குறியேற்றத்துக்கானது. யூனிகோடுக்குப் பயனரே ஒன்றை எழுதிக்கொள்ளலாம். ஈமேக்ஸ் திருத்தியில் கண்ட்ரோலுடன் பின்சாய்கோட்டை அழுத்தினால் தமிழ் உள்ளீடு தொடங்கும். கண்ட்ரோல், ஆல்ட் கட்டளைகள் மாறா.

மாற்றும் முறை

விஷுவல் ஸ்டுடியோ கோடில் கண்ட்ரோல்-கே, கண்ட்ரோல்-எஸ் என அடுத்தடுத்து அழுத்தினால் குறுக்குவிசைப் பட்டியல் திறக்கும். லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் கருவிகள் பட்டியின் தனிப்பயனாக்கல் பகுதியில் மாற்றலாம்.

புதிய விசைக்கூட்டை ஒதுக்குமுன், இயங்குதளம் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஈமேக்ஸில் கண்ட்ரோல்-ஸ்பேஸ் உரையைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கும் கட்டளை. மேக்கில் அதே கூட்டு மொழியை மாற்றிவிடும். மொழி மாற்றத்துக்கு வேறு விசையைக் கணினி அமைப்புகளில் ஒதுக்குவதே எளிய தீர்வு.