கித்துள் தரும் இன்னீர்

இத்தாலிய நாட்டிலே மதுவுக்கு ஊரின் பெயரையே சூட்டுவர். உரோமாபுரிக்கு அணித்தாயுள்ள பிராஸ்காத்தி என்னும் ஊரின் பெயரே அங்கு ஆக்கப்படும் வெள்ளை முந்திரிகை மதுவுக்கும் பெயராயிற்று. மண்ணும் மழையும் மனிதன் கைத்திறனும் கூடியே ஒரு பானத்தின் சுவையை ஆக்குகின்றன என்பது இதன் கருத்து. நேயர்களே, அத்தகைய பானமொன்று நம் நாட்டிலும் உண்டு. கேகாலை மாவட்டத்து அரநாயக்க மலைச்சாரலிலே கித்துள் மரம் தரும் இன்னீரே அது. கூந்தற்பனை என்பதும் இம்மரமே.

இதன் வரலாறு பழையது. 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரத்திற் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், பத்தொன்பது ஆண்டுகள் கண்டிநாட்டில் வாழ்ந்து, 1679இல் அரிப்புக்குத் தப்பிச் சென்றார். 1681இல் இலண்டனில் வெளியான தமது நூலிலே கித்துளை அவர் வியந்து கூறுகின்றார். நாளுக்கு இருமுறை நீர் இறக்குவதையும், அதனைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவதையும் அவர் கண்டிருக்கிறார். அரநாயக்கவையும் தழுவிய அக்கண்டிநாடு 1815இல் ஆங்கிலேயர் வசமாயிற்று; கித்துள் தொழிலோ மாறவில்லை.

தொழில் முறையைச் சிறிது நோக்குவோம். கழிகளையும் கொடிகளையும் மரத்திற் கட்டித் தொழிலாளி உச்சிக்கு ஏறுகின்றான். விரியாத பாளையின் அடியில் மிளகு, உப்பு, சுண்ணாம்பு முதலியன சேர்ந்த மருந்தை வைத்துக் கட்டுகின்றான். சில நாள் சென்றபின் பாளையின் நுனியைச் சீவ, நீர் சுரக்கும். காலையும் மாலையும் முட்டியை இறக்குவான். உடனே காய்ச்சினால் பாணியாம். மேலும் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்தால் கருப்பட்டியாம். காய்ச்சாது வைத்தால் நொதித்துக் கள்ளாகும். யாழ்ப்பாணத்தார் பனையின் கருப்பநீரைச் சுண்ணாம்பிட்டுக் காப்பதுபோல, இங்கும் நொதியாது காக்கும் முறைகள் உண்டு.

1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் கள் இறக்குவதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டுமென விதித்தது. அக்காலத்திலேயே மதுவிலக்கு இயக்கமும் நாடெங்கும் வலுப்பெற்றது. குடியின் கேட்டைக் கண்டவர்கள் எழுப்பிய குரல் நியாயமானதே. ஆயினும் இன்னீருக்கும் கள்ளுக்கும் இடையே உள்ளவை சில நாழிகைகளே. ஏறுகின்ற மரமும் ஒன்று. சீவுகின்ற கத்தியும் ஒன்று. ஆகவே பாணி காய்ச்சிப் பிழைப்பவனும் சட்டத்தின் ஐயப்பார்வைக்கு அஞ்ச வேண்டியவனானான்.

இன்று கித்துட் பாணியை விரும்பி வாங்குவோர் பலர். மரமேற வல்லாரோ அருகி வருகின்றனர். உயிரைப் பணயம் வைக்கும் இத்தொழிலிலே தம் மக்களை விடத் தந்தையர் தயங்குகின்றனர். மருந்தின் அளவும் பாளையின் பருவமும் ஏட்டில் எழுதப்பட்டவையல்ல. தந்தை கையிலிருந்து மகன் கைக்கு வந்தவை. அக்கை ஓய்ந்தால் மரம் நிற்கும், இன்னீர் இராது. பிராஸ்காத்தியின் பெயரை உலகம் அறிகின்றது. அரநாயக்கவின் சுவையை நாமேனும் அறிந்து போற்றுவோமாக.