தண்டுபவரும் ஆள்பவரும்: ‘கலெக்டர்’ என்னும் சொல்லின் பொருள் வரலாறு – அய்யலூர் வழக்கை முன்வைத்து

முன்னுரை

திண்டுக்கல் மாவட்டம், வேடசந்தூர் வட்டத்தில் அமைந்த பேரூர் அய்யலூர். வியாழன்தோறும் இங்குக் கூடும் ஆட்டுச்சந்தை பெயர்பெற்றது. சந்தையில் சுங்கம் தண்டுவதை மக்கள் ‘வசூல்’ என்பர். கடையின் அன்றாட வரவைக் ‘கலெக்‌ஷன்’ என்பர். ஆயினும் வசூலிப்பவரை எவரும் ‘கலெக்டர்’ என அழைப்பதில்லை. அடைமொழியின்றி வரும்போது அச்சொல் மாவட்டத் தலைவரை மட்டுமே சுட்டும். தண்டுபவர் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல், தமிழில் ஆள்பவரைக் குறிக்கும் சொல்லாக மாறியமையை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் வழக்கும்

ஆங்கிலத்தில் இச்சொல் திரட்டுபவர் எவர்க்கும் பொது. அஞ்சல்தலை சேர்ப்பவரும் வரி தண்டுபவரும் அச்சொல்லாலேயே குறிக்கப்பெறுவர். தமிழ்ப் பேச்சுவழக்கில் இப்பொதுமை இல்லை. தொடர்வண்டியில் பயணச்சீட்டைச் சரிபார்ப்பவரைச் சுட்ட ‘டிக்கெட்’ என்னும் அடை தேவைப்படுகிறது. ‘கலெக்‌ஷன்’ பணத்தோடு ஒட்டி நிற்க, ‘கலெக்டர்’ பணத்தொடர்பை இழந்துவிட்டது. ஒரே வேரிலிருந்து வந்த இரு சொற்களும் தமிழில் உறவு துண்டிக்கப்பெற்று வாழ்கின்றன. ‘நீ என்ன பெரிய கலெக்டரா?’ என்னும் ஏச்சிலும், ‘படித்துக் கலெக்டர் ஆகவேண்டும்’ என்னும் வாழ்த்திலும் வெளிப்படுவது அதிகாரமே, வரி அன்று.

வரலாற்றுப் பின்புலம்

திண்டுக்கல் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை 1790இல் திப்பு சுல்தானிடமிருந்து கைப்பற்றியது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கை அவ்வுரிமையை உறுதிசெய்தது. இச்சீமையின் முதல் கலெக்டராக அலெக்சாண்டர் மெக்லியாட் 1790இல் அமர்ந்தார். வணிக நிறுவனம் ஒன்றுக்கு வருவாய் ஈட்டித் தருவதே அப்பதவியின் முதன்மை நோக்கம். எனவே அப்போது பெயரும் பணியும் பொருந்தியிருந்தன.

இப்பொருத்தம் நெகிழ்ந்ததற்குத் திட்டவட்டமான காலம் உண்டு. தாமஸ் மன்றோவின் முன்முயற்சியால் 1816இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பெற்ற ஒழுங்குமுறைச் சட்டங்கள், அதுவரை மாவட்ட நீதிபதிகளிடம் இருந்த காவல், குற்றவியல் நடுவர் அதிகாரங்களைக் கலெக்டரிடம் ஒப்படைத்தன. இரயத்துவாரி முறையில் பட்டா வழங்குவதும் வரி விதிப்பதும் அவர் நிருவாகத்திற்கு உட்பட்டன. வரி கேட்பவரும் தண்டிப்பவரும் ஒருவரே ஆனபின், குடியானவர் கண்ணுக்கு அவர் அரசரின் இடத்தில் நின்றார்.

இதற்குச் சிறந்த சான்று, 1812 முதல் 1828 வரை மதுரைக் கலெக்டராக இருந்த ரௌஸ் பீட்டர். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பொன்னும் மணியும் இழைத்த அங்கவடிகளை அளித்த அவரை மக்கள் ‘பீட்டர் பாண்டியன்’ என்றனர். கம்பெனியின் வரி அலுவலர் பாண்டியப் பெயர் பெற்றது, பிற்காலப் பெயர்ப்பைப் பொதுமக்கள் முன்னரே நிகழ்த்திவிட்டதைக் காட்டுகிறது.

பெயர்ப்பின் இயல்பு

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தைத் தொடர்ந்து தமிழ் ஆட்சிச்சொற்கள் பரவலாயின. கலெக்டர் ‘மாவட்ட ஆட்சித் தலைவர்’, ‘மாவட்ட ஆட்சியர்’ ஆனார். தாசில்தார் ‘வட்டாட்சியர்’ ஆனார். ‘தாசில்’ என்பது தண்டுதலைக் குறிக்கும் அரபுச் சொல்லின் திரிபு. ‘தார்’ உடையவரைக் குறிக்கும் பாரசீக ஒட்டு. எனவே தாசில்தாரும் சொல்லளவில் தண்டுபவரே. இரு வேறு அயல்மொழிகளில் தண்டலால் பெயர்பெற்ற இரு பதவிகளும் தமிழில் ஆட்சியால் பெயர்பெற்றன. இங்குப் பெயர்க்கப்பெற்றது சொல்லன்று. அப்பதவியைப் பற்றிய சமூக அனுபவம்.

தமிழில் ஏற்ற சொல் இல்லாமையால் இவ்வாறு நேரவில்லை. ‘தண்டல்’ என்பது வரி திரட்டலைக் குறித்த பழஞ்சொல். இன்று நாள்வட்டிக் கடனின் பெயராகத் தேய்ந்துள்ளது. ‘இறை’ என்னும் சொல்லோ வரியையும் அரசனையும் ஒருங்கே குறிக்கும். வரிநீங்கிய நிலம் கல்வெட்டுகளில் ‘இறையிலி’ எனப்படுகிறது. திருக்குறள் அரசனின் சிறப்பை ‘இறைமாட்சி’ என்கிறது. வரியும் ஆட்சியும் ஒரு சொல்லில் உடனுறைந்த மரபிலிருந்து, ஆட்சி மட்டும் புதிய பெயர்களில் இடம்பெற்றது.

பிற மாநில வழக்கு ஒப்புநோக்கத்தக்கது. உத்தரப் பிரதேசத்தில் இப்பதவி நடுவர் என்னும் பெயராலும், கருநாடகத்தில் துணை ஆணையர் என்னும் பெயராலும் ஆங்கிலத்தில் வழங்குகிறது. தமிழ்நாடு ஆங்கிலத்தில் தண்டலையும் தமிழில் ஆட்சியையும் ஒரே பதவிக்கு வைத்துள்ளது.

முடிவுரை

1985இல் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது. அய்யலூர்க் குடியானவர் இன்று திண்டுக்கல் ஆட்சியரகத்திற்குச் செல்வது பெரும்பாலும் வரி செலுத்த அன்று; பட்டாவும் உதவித்தொகையும் வேண்டி மனு அளிக்கவே. திரட்டுபவர் வழங்குபவராகக் கருதப்படும் இந்நிலையில் ‘ஆட்சியர்’ என்னும் பெயர் இயல்பாக ஒலிக்கிறது. ஆனால் வரலாறு எழுதுவோர்க்கு அவ்வியல்பே இடராகும். மெக்லியாடைத் ‘திண்டுக்கல்லின் முதல் மாவட்ட ஆட்சியர்’ என எழுதும்போது, 1816க்குப் பின் திரண்ட அதிகாரத்தை 1790க்கு ஏற்றிவிடுகிறோம். கம்பெனி தண்டவே வந்தது என்னும் உண்மையும் சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது. ஆகவே அக்கால ஆவணங்களைக் கையாள்வோர் ‘கலெக்டர்’ என்றே எழுதுதல் தகும். இவ்விடத்தில் அயற்சொல்லே வரலாற்றுக்கு நெருக்கமானது.